ஒரு நாள் சோபா

என் மகள் விரும்பிய பள்ளிக்கூடத்தில் அவளைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே போனை எடுத்துப் பள்ளியின் பக்கத்தைத் திறக்கிறாள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறாள். "இன்னும் அதே இடத்துலதாம்மா நிக்குது" என்கிறாள். நானும் உச்சுக் கொட்டுகிறேன். ஆனால் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வருகிறது. காத்திருப்போர் பட்டியல் என்று யார் சொன்னாலும் எனக்கு ஒரு சோபாதான் ஞாபகத்துக்கு வரும். பச்சை நிறம், மூன்று பேர் உட்காரலாம். எங்கள் வீட்டில் அது ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

அப்பா ஒரு மரச்சாமான் ஷோரூமில் விற்பனையாளர். காலையில் மடிப்புக் கலையாத சட்டையோடு படி இறங்குவார். தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "என்ன ஷோரூம், கிளம்பியாச்சா?" என்பார்கள். அப்படி மிடுக்காகக் கிளம்புகிற மனிதரின் வீட்டில் ஒரு நாற்காலி கிடையாது. டயர் கடைக்கு மேலே ஒரே அறை, அதன் மூலையிலேயே சமையல். மிச்ச இடத்தில் பாதியை அம்மாவின் இஸ்திரி மேசை பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா தெருவுக்கே துணி தேய்த்துக் கொடுத்தாள். எந்த நேரமும் பத்துப் பதினைந்து நல்ல சட்டைகள் கொடியில் தொங்கும், ஒன்றுகூட எங்களுடையதல்ல.

ஷோரூமில் ஒரு சட்டம் இருந்தது. விற்கிற சாமானில் வேலையாட்கள் உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் உட்காருவார், அவர் பிள்ளை ஏறிக் குதிக்கும், விற்பவர் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்பா நின்றபடியே சோபாவின் சுகத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். "இங்க அழுத்திப் பாருங்க சார், அமுங்குதா? அமுங்காது. ஒரு தடவை சாய்ஞ்சீங்கன்னா எழுந்திரிக்க மனசே வராது" என்பார். அந்தப் பேச்சைக் கேட்டால் வேடிக்கை பார்க்க வந்தவன்கூட வாங்கிக்கொண்டு போவான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பாயை விரித்துக் காலை நீட்டிவிடுவார்.

எங்கள் தெருப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே விடுதியோடு இருந்த பெரிய பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். பரீட்சை எழுதினேன். இடம் இல்லை, காத்திருப்போர் பட்டியலில் நான்காவது என்று தபால் வந்தது. காத்திருக்கச் சம்மதம் என்றால், இடம் கிடைத்தால் கட்டாயம் சேருவேன் என்று ஒரு விருப்பக் கடிதம் அனுப்ப வேண்டும். கட்டணம் கட்ட முடியாதவர்கள் கல்வி உதவிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பள்ளியிலிருந்து ஒருவர் வந்து வீட்டைப் பார்ப்பார். எனக்கு இரண்டுமே வேண்டும். இடம் கிடைத்து உதவி கிடைக்காவிட்டால், அம்மாவின் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு நானும் சட்டை தேய்க்க வேண்டியதுதான்.

விருப்பக் கடிதத்தை நானே எழுதினேன். அப்பா வாங்கிப் படித்துவிட்டு, "கடைசி வரி சப்புன்னு இருக்கு" என்றார். என்னைக் கேட்காமலே கீழே ஒரு வரி சேர்த்தார். ஷோரூம் பில்லின் அடியில் அச்சடித்திருக்குமே, "தங்கள் மேலான ஆதரவை என்றும் நாடும்", அதே வரி.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இவ படிக்கப் போறாளா, பாக்கி வசூல் பண்ணப் போறாளா?"

"மரியாதையா இருக்கட்டும்னு போட்டேன்" என்றார் அப்பா. அந்த வரியோடுதான் கடிதம் போனது.

வீட்டைப் பார்க்க வருகிற தேதி தெரிந்ததும் அப்பாவுக்கு நிலைகொள்ளவில்லை. அறையை நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "வர்றவங்க எங்க உட்காருவாங்க?" என்றார்.

"பாய் இருக்கு" என்றாள் அம்மா.

"ஊருக்கெல்லாம் சோபா விக்கிறவன் வீட்டுல பாயா?"

"என்னங்க, அவங்க நம்ம வீட்டுல என்ன இல்லைன்னு பார்க்க வர்றாங்க. இருக்கிற மாதிரி காட்டினா காரியம் கெட்டுடும்."

"அவங்க எதுக்கு வேணா வரட்டும். வீட்டுக்கு வர்றவங்க விருந்தாளி. அவ்வளவுதான்."

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அப்பா ஒன்றை மனதில் போட்டுக்கொண்டால் அதை எடுக்க யாராலும் முடியாது. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாளைக்கு மட்டும் ஒரு சோபாவைக் கேட்டு வாங்கினார். முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார், பிளாஸ்டிக் உறையைக் கழற்றக் கூடாது.

அன்று காலை ஷோரூம் வண்டியில் சோபா வந்து இறங்கியது. தெருவே வேடிக்கை பார்த்தது. படிக்கட்டின் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. நாலு கால்களையும் கழற்றி, பக்கவாட்டில் சாய்த்து, டயர் கடைக்காரர் கீழேயிருந்து தோள் கொடுக்க, ஒரு வழியாக மேலே வந்தது. அதை உள்ளே வைக்க இடம் இல்லாததால் இஸ்திரி மேசை கீழே டயர் கடைக்குள் போனது. கொடியில் தொங்கிய சட்டைகள் பக்கத்து வீட்டுக்குப் போயின. எங்கள் வீட்டில் உழைப்பு நடக்கிறது என்பதற்கு அடையாளமாக இருந்த எல்லாவற்றையும் நாங்களே தூக்கி வெளியே வைத்தோம். சுவரிலிருந்து சுவர் வரை பச்சைப் பசேலென்று சோபா மட்டும் உட்கார்ந்திருந்தது.

அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து பிளாஸ்டிக்கைக் கழற்ற ஆரம்பித்தார்.

"முதலாளி கழட்டக் கூடாதுன்னாரே" என்றேன்.

"விருந்தாளியைப் பிளாஸ்டிக் மேலயா உட்கார வைப்பாங்க? சரக் சரக்குன்னு சத்தம் வரும் கண்ணு, மரியாதை இல்ல."

வந்தவர் ஒரு பெண். வெயிலும் இல்லாத, மழையும் இல்லாத நாளில் கையில் குடை வைத்திருந்தார். அன்றே அவருக்குக் குடை டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டேன், பிற்பாடு பள்ளிக்கூடம் முழுக்க அந்தப் பெயர்தான் பரவியது. அவர் சோபாவைப் பார்த்தார், உட்கார்ந்தார், பக்கத்தில் என்னை உட்கார வைத்துக்கொண்டார். அப்பா எதிரே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்களும் உட்காருங்க சார்."

"பரவால்லம்மா, நின்னே பழக்கம்."

குடை டீச்சர் காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டே கேட்டார். "சோபா புதுசா?"

"புதுசுதாம்மா" என்றார் அப்பா. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சோபா என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் வாய் தானாகவே ஷோரூமைத் திறந்துவிட்டது. "உள்ள முழுக்கத் தேக்குச் சட்டம்மா. பூச்சி வராது. பஞ்சு பாருங்க, பத்து வருஷம் ஆனாலும் அப்படியே நிக்கும்." அம்மா சமையல் மூலையிலிருந்து இருமினாள். இல்லாத இருமல் அது. அப்பா காதில் அது விழவே இல்லை. அம்மா தேநீர் கொண்டுவந்து கொடுத்து, போகும்போது அப்பாவின் காலை மிதித்துவிட்டும் போனாள்.

"இங்க அழுத்திப் பாருங்கம்மா, அமுங்குதா?"

குடை டீச்சர் பாவம், மரியாதைக்காக அழுத்திப் பார்த்தார். ஒரு கையில் தேநீர், மறு கையால் சோபாவை அழுத்தினால் என்ன ஆகும்? தேநீர் முழுக்கக் கைப்பிடியில் கொட்டியது. பச்சைத் துணியில் பழுப்பாக ஒரு வட்டம் மெதுவாகப் பரவியது. அதைப் பார்த்து அப்பாவின் முகம் வெளிறியதை நான் பார்த்தேன்.

"ஐயையோ, புதுச் சோபா! மன்னிச்சிடுங்க சார். எங்க வாங்கினீங்க? நான் துணி மாத்தித் தர்றேன்."

"ஒண்ணும் இல்லம்மா, துணிதானே, துடைச்சா போச்சு" என்றார் அப்பா. சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஷோரூம் அட்டையை எடுத்து நீட்டினார். யாரைப் பார்த்தாலும் அட்டை கொடுப்பது அவர் கைக்கு ஊறிப்போன பழக்கம்.

கறை துடைத்தும் போகவில்லை, துவைத்தும் போகவில்லை. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு கறை போகணும், இல்ல நீ போகணும்" என்றாராம். சோபாவை ஷோரூமின் பின்மூலையில் போட்டார்கள். அப்பா சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த உறையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. முதல் காகிதம், எனக்கு முன்னால் இருந்தவர்கள் விலகிவிட்டதால் இடம் எனக்குத்தான், மாத முடிவுக்குள் கட்டணம் கட்டிச் சேர வேண்டும் என்றது. நான் கத்திய கத்தலில் டயர் கடைக்காரர் மேலே ஓடி வந்தார். இரண்டாவது காகிதத்தை அம்மா படித்தாள். குடும்பம் வசதியான நிலையில் இருப்பதாகத் தெரிவதால் உதவி வழங்க இயலவில்லை, வருந்துகிறோம்.

அம்மா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "நம்மளை வசதியானவங்கன்னு வாழ்க்கையிலேயே முதல் தடவையா ஒருத்தர் எழுதிக் குடுத்திருக்காங்க. சட்டம் போட்டு மாட்டுங்க, ஷோரூம்" என்றாள். அப்பா தலையை நிமிர்த்தவில்லை.

"போய் உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள் அம்மா, சிரிப்பை நிறுத்திவிட்டு.

"என்னன்னு சொல்ல? வீட்டுக்கு வந்தவங்களை ஏமாத்திட்டேன்னா? மகளைச் சேர்க்கப் போற இடத்துல, முதல் நாளே, அவ அப்பன் பொய்க்காரன்னு பேரா?"

"பேர் போனா போகுது. அவ படிப்புப் போயிடும்."

அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். நாளைக்குப் போகிறேன் என்பார். மறுநாள் ஷோரூமில் ஆள் குறைவு என்பார். நான் அவரோடு பேசுவதையே விட்டுவிட்டேன். சோறு போட்டால் தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம். இன்றைக்கு நினைத்தால் அந்த மனிதரை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது, அன்றைக்குக் கோபம்தான்.

மாதம் முடியப் போகிற நேரத்தில், ஒரு மதியம் அம்மா என் கையில் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்தாள். "கொண்டுபோய்க் குடு. உன் முகத்தைப் பார்த்தாவது கிளம்பறாரா பார்ப்போம்" என்றாள்.

ஷோரூமின் பின்மூலையில் அப்பா முட்டி போட்டிருந்தார். ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரை, கையில் பல் தேய்க்கிற பழைய பிரஷ். கறையைச் சுற்றித் துணி வெளிறிப்போயிருந்தது, கறை மட்டும் அப்படியே இருந்தது. நான் தூக்கைக் கீழே வைத்தபோது முன்பக்கம் முதலாளியின் குரல் கேட்டது. "வாங்க மேடம், என்ன பார்க்கறீங்க?"

"இந்த அட்டையைக் குடுத்தாங்க. ஒரு பச்சைச் சோபாவுக்கு அதே துணி வேணும். ஒருத்தர் வீட்டுல டீ கொட்டிட்டேன், மனசு கேக்கல."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். முதலாளி அவரை நேராக எங்கள் பக்கம் அழைத்து வந்தார். குடை டீச்சர் முதலில் சோபாவைப் பார்த்தார். பிறகு கைப்பிடியில் இருந்த கறையை, பிறகு அப்பாவின் கையில் இருந்த பிரஷ்ஷை.

"அது டேமேஜ் பீஸ் மேடம். அதே மாடல்ல நல்லது இருக்கு, இந்தப் பக்கம் வாங்க" என்றார் முதலாளி.

அதே மாடல். அந்த இரண்டு சொல் போதும், அப்பா தப்பித்திருக்கலாம். என் வீட்டில் இருப்பது வேறு, இது வேறு என்று சொல்லியிருக்கலாம். ஒரு சாமானை எப்படிச் சொல்லி விற்க வேண்டும் என்று அவருக்கா தெரியாது? அவர் என்னைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். முட்டியிலிருந்து எழுந்து, ஈரக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இதே சோபாதாம்மா. நீங்க கொட்டின டீதான். எங்க வீட்டுல சோபா இல்ல. ஒரு நாற்காலிகூட இல்ல. ஊருக்கெல்லாம் உட்கார இடம் விக்கிறேன், என் வீட்டுக்கு வந்தவங்களைத் தரையில உட்காருங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவ்வளவுதாம்மா. உங்களை ஏமாத்தணும்னு நெனைக்கல. நீங்க சோபாவையும் கணக்குல எடுத்துப்பீங்கன்னு என் மனைவி சொன்னா, நான்தான் கேக்கல."

எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தினால் வரவில்லை, அந்த முதலாளி முன்னால் நின்று அப்படிச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்து வந்தது.

குடை டீச்சர் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். கறையை ஒரு விரலால் தொட்டார். "மரச்சாமான் கடையில வேலைன்னு விண்ணப்பத்துல பார்த்தேன். குறைச்ச விலைக்குக் கிடைச்சிருக்கும், கையில காசு இருந்து வாங்கியிருக்கார்னு நெனைச்சு எழுதிட்டேன். கொட்டினதும் நான், எழுதினதும் நான்." எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். "நாளைக்கு மறுபடி வர்றேன். சார், இந்தத் தடவை தயவுசெஞ்சு எதையும் தூக்கிட்டு வராதீங்க."

மறுநாள் அம்மா இஸ்திரியை நிறுத்தவே இல்லை. வந்தவரைப் பார்த்து, "வாங்கம்மா, இன்னைக்குச் சோபாவுக்கு லீவு" என்றாள். குடை டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், கொடியில் தொங்கிய சட்டைகளைப் பார்த்தார், யார் யாருடையது என்று கேட்டார். தேநீர்த் தம்ளரை இரண்டு கைகளாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு குடித்தார். அப்பா வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தார், விற்க எதுவும் இல்லாததால் அவருக்குப் பேச்சே வரவில்லை.

பள்ளியின் நிர்வாகக் குழுவுக்குக் குடை டீச்சர் திருத்தி எழுதினார். கெடு முடிவதற்கு முன்னால் பதில் வந்தது. விடுதி, புத்தகம், கட்டணம் எல்லாம் பள்ளியே ஏற்றுக்கொள்ளும். அப்பா அந்தக் காகிதத்தைத் தெரு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். நான் அவரோடு பேச ஆரம்பித்தேன், இரண்டு வாரப் பேச்சையும் சேர்த்துப் பேசினேன்.

இடையில் ஒருநாள் வேலையிலிருந்து வந்தவர், "அந்தச் சோபா வித்துப் போச்சாம்" என்றார். அவர் விடுமுறையில் இருந்த நாளில் யாரோ வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். "கறையோட யார் வாங்கியிருப்பாங்க?" என்று இரவு முழுக்க அதிசயப்பட்டார். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. அவ்வளவு தேய்த்திருக்கிறாரே.

பள்ளியில் சேர்கிற நாள் வந்தது. என் பெட்டியை அப்பா தோளில் தூக்கிக்கொண்டார். அன்று அம்மா அவருக்குத் தேய்த்துக் கொடுத்த சட்டையில் ஈ உட்கார்ந்தாலும் வழுக்கி விழும். சேர்க்கை அலுவலகத்தின் வாசலில் என்னைப்போலப் பல பெண்கள், பல பெற்றோர். எங்கள் முறை வந்து உள்ளே நுழைந்தோம். அப்பா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஜன்னலுக்குக் கீழே பச்சைச் சோபா. கைப்பிடியில் பழுப்பு வட்டம்.

"இங்க முன்னாடி ஒரு மர பெஞ்சுதான் கிடந்தது" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த குடை டீச்சர். "உட்காருங்க சார்."

"பரவால்லம்மா, நின்னே பழக்கம்."

"சார், இது விக்கிற சாமான் இல்ல. காத்திருக்கற பெத்தவங்களுக்காகவே வாங்கிப் போட்டது. உட்காருங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து உட்காரும் இடத்தைத் துடைத்தார், பிறகு தன் பின்பக்கத்தையும் தட்டிவிட்டுக்கொண்டார். கறைப் பக்கமாக, நுனியில் உட்கார்ந்தார். ஏதாவது உடைந்துவிடுமோ என்பதுபோல மெதுவாகப் பின்னால் நகர்ந்தார். முதுகைச் சாய்த்தார். உள்ளங்கையால் பக்கத்தில் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்.

அவர் முகம் மாறியதை நான் இன்னும் மறக்கவில்லை. எத்தனை வருஷம், எத்தனை பேருக்கு அந்தச் சுகத்தைச் சொல்லியிருப்பார்!

"ஏம்மா" என்றார் அம்மாவிடம், ரகசியம் சொல்வதுபோல. "நான் எல்லார்கிட்டயும் சொன்னது பொய் இல்ல. நெஜமாவே அமுங்கல."

"சரி, எழுந்திருங்க. அடுத்தவங்க நிக்கிறாங்க" என்றாள் அம்மா.

அப்பா எழுந்திருக்கவில்லை.